மேரியம்மாவின் சத்தியம்

சென்ற செவ்வாய்க்கிழமை காலை, நான் நீதிமன்றத்துக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தபோது மேரியம்மாவின் மகன் அந்தோனி தொலைபேசியில் அழைத்தார். "சேர், அம்மா போயிட்டாங்க. தேத்தண்ணி குடிச்சிட்டு, ஜெபமாலைய கையில வச்சிக்கிட்டு சாஞ்சாங்க. அப்படியே போயிட்டாங்க." இரங்கல் கூற வேண்டிய நான், "ஜெபமாலை கையிலேயே இருந்ததா?" என்று கேட்டேன். "ஆமாங்க சேர்" என்றார். துயரத்துக்கு முன்பாக என் மனதில் ஆறுதலே வந்தது. அதன் காரணத்தைச் சொல்லவே இதை எழுதுகிறேன். நேரில் கண்டதையும் பிறர் சொல்லக் கேட்டதையும் இயன்றவரை பிரித்தே தருகிறேன்.

மேரியம்மா, பதுளையை அடுத்த ஸ்பிரிங்வெளிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து பறித்து வாழ்ந்த கத்தோலிக்கர். அவரது பிறப்பைப் பதியச் சென்ற உறவினர் "மேரியம்மா" என்று சொன்னதை, எழுதியவர் "மாரியம்மா" என்று எழுதிவிட்டார். அடையாள அட்டை வரை அந்தப் பெயரே தொடர்ந்தது. தொழிலாளரின் வரிசை வீடுகளான லயத்தில் அது வேடிக்கைப் பொருளாக இருந்ததாம். அம்மன் திருவிழா வந்தால் அடுத்த வீட்டு லெட்சுமி, "ஒன் பேருலதான் திருவிழாவே நடக்குது, நீ வராட்டி எப்படி?" என்பாராம். "அப்ப பொங்கல மொதல்ல எனக்குல்ல அனுப்பணும்!" என்பாராம் இவர். பொங்கலும் தவறாமல் வந்துவிடுமாம்.

ஒரு மழைக்காலத்தில், ஞாயிறு பூசைக்குப் போய்த் திரும்பும் வழியில் மண்மேடு சரிந்து அவருடைய கணவர் இறந்தார். அன்றிலிருந்து மேரியம்மா கோயில் வாசலை மிதிக்கவில்லை. பங்குத்தந்தை தேடி வந்தபோது தேநீர் கொடுத்து உபசரித்தார். ஜெபிக்கலாமா என்று அவர் கேட்டதும் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார்.

மூன்று ஆண்டுகள் இப்படியே கழிந்தன. அப்போதுதான் அவருடைய ஒரே மகன் அந்தோனி, பதுளை நகரில் நடந்த ஓர் அடிதடி வழக்கில் எதிரியாக, அதாவது குற்றம் சாட்டப்பட்டவராக, நிறுத்தப்பட்டார். அவருடைய சட்டத்தரணியாக நான் தோன்றினேன். சம்பவ நேரத்தில் அவர் காய்ச்சலில் கிடந்த தாயின் அருகில் இருந்தார். அதைச் சொல்லக்கூடிய ஒரே சாட்சி அந்தத் தாய்தான்.

வழக்கு நாளன்று காலையில் அவருக்கு நான் ஓர் ஆலோசனை கூறினேன். கிறிஸ்தவர் வேதாகமத்தின்மேல் சத்தியம் செய்வர். இந்துக்கள் கடவுளின் பெயர் சொல்லாமல் உறுதியுரை கூறுவர். இரண்டும் சட்டத்தின்முன் சமமே. எனவே, அட்டையிலுள்ள பெயருக்கு ஏற்பக் கேட்கப்படும் உறுதியுரையை எடுத்துவிட்டால் வீண் கேள்விகள் எழா என்றேன். நீங்கள்தான் கோயிலுக்கே போவதில்லையே என்றும் சொன்னேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஆண்டவரோட எனக்குச் சண்டைங்க சேர். சண்டை போட ஆள் இருக்கணுமில்ல? ஆளே இல்லன்னு சொல்லச் சொல்றீங்களே!"

கூண்டில் ஏறியதும் வேதாகமத்தைக் கேட்டு வாங்கினார். நான் அஞ்சியபடியே மறுதரப்புச் சட்டத்தரணி எழுந்தார்.

"உங்க பேரு மாரியம்மாதானே? கடைசியா எப்ப கோயிலுக்குப் போனீங்க?"

"மூணு வருஷமாச்சுங்க."

"போறதுமில்ல. பேரும் வேற. அப்புறம் என்ன கிறிஸ்தவர்?"

"கோவிச்சுக்கிட்டு தாய் வீட்டுக்குப் போன பொண்டாட்டிய, பொண்டாட்டியே இல்லன்னு சொல்வீங்களாய்யா?"

மன்றம் சிரித்தது. நீதிபதியும் குனிந்து ஏதோ எழுதுவதுபோல் இருந்தார். அதன்பின் மேரியம்மாவின் சாட்சியத்தில் ஒரு சொல்லைக்கூட யாராலும் அசைக்க முடியவில்லை. அந்தோனி விடுதலையானார். எனது ஆலோசனை சட்டப்படி சரியானது. அந்தப் பெண்மணிக்குப் பொருந்தாதது. இதைப் பதிவுசெய்யக் கடமைப்பட்டுள்ளேன்.

அடுத்த ஞாயிறு, நானும் போகும் பூசையில் அவரைக் கண்டேன். மகன் விடுதலையானதால் சமாதானமாகிவிட்டீர்களா என்று வினவினேன். "அதுக்கில்லங்க சேர். நாலு பேருக்கு முன்னால அவரோட ஆளுன்னு சொல்லிட்டேன். இனி வீட்டுல மொகத்தத் திருப்பிக்கிட்டு இருந்தா நல்லாவா இருக்கும்?" என்றார்.

சோதனைகள் அத்துடன் நிற்கவில்லை. சர்க்கரை நோயால் ஒரு காலை இழந்தார். மருத்துவமனைக்கு அவரைப் பார்க்கச் சென்றேன். "ஏன்னு அவருகிட்டயே கேட்டுட்டேங்க. பதில் இன்னும் வரல. வரட்டும், எனக்கென்ன அவசரம்" என்று அவரே என்னைத் தேற்றினார். முச்சக்கர வண்டியில் மகன் அழைத்துச் செல்ல, கடைசி ஞாயிறு வரை பூசைக்கு வந்தார்.

அடக்கத்தன்று நல்ல மழை. பங்குத்தந்தையின் வாகனம் ஹாலிஎலப் பக்கம் தாமதித்துவிட்டது. தேயிலைச் சரிவிலிருந்த மயானத்தில் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு நின்றோம். அப்போது லெட்சுமி கைகூப்பி, ஜெபமாலையில் மரியாளிடம் வேண்டும் அந்தச் சிறு ஜெபத்தை முதற்சொல்லிலிருந்து சொல்லத் தொடங்கினார். லயத்துப் பெண்கள் சேர்ந்துகொண்டனர். அவர்களில் ஒருவரும் கிறிஸ்தவரல்லர். ஒரு முறை சொல்லி முடித்ததும் நான் வியந்து பார்க்க, லெட்சுமி சொன்னார்: "ஒத்தச் செவருதானுங்க நடுவுல. தெனம் கேட்டுக் கேட்டுப் பாடமாயிருச்சு. அவ வீட்டுக்காரரு செத்த பொறவு மூணு வருஷம் அந்தப் பக்கம் சத்தமே இல்ல. எனக்குத் தூக்கமே புடிக்கல. திரும்ப ஒரு நாள் கேட்டுச்சு பாருங்க, அப்பாடான்னு இருந்துச்சு."

மறுபடி தொடங்கிய ஜெபத்தின் நடுவே, சுவர் வழியே காதில் விழுந்தபடி அவர்கள் ஒரு வரியை மாற்றிச் சொன்னார்கள். நான் திருத்தவில்லை, அவர்களோடு சேர்ந்து அப்படியே சொன்னேன். போய் வாருங்கள், மேரியம்மா. கேட்ட கேள்விக்கு இனி நேரிலேயே பதில் வாங்கிக்கொள்ளுங்கள்.