அக்கா அம்பு ஒட்டாத மூன்று பக்கங்கள்

மன்ற உறுப்பினர்களின் மேலான கவனத்திற்கு ஒரு துயரச் செய்தி. மேடைக்குப் பக்கத்தில் இருக்கும் பிஸ்கட் டின்னில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் தீர்ந்துவிட்டது. டின் காலி. புதுச் சுருள் இனி வராது.

ஏன் வராது என்பதை வியாழக்கிழமை காலை எங்கள் பேச்சாளர் மன்றத்தின் வாட்ஸாப் குழுவில் தலைவர் சுப்ரா அண்ணன் எழுதியிருந்தார்: காந்திமதி அக்கா காலமானார். நான் நம்பவில்லை. அந்தக் குழுவில் ‘இன்று கூட்டம் ரத்து’ என்று இரண்டு முறை புரளி கிளப்பியவன் நான். இப்போது எனக்கே யாரோ வலை விரிக்கிறார்கள் என்று சந்தேகப்பட்டு, “யார்கிட்ட?” என்று பதில் போட்டேன். உடனே அண்ணனிடமிருந்து ஃபோன் வந்தது.

“டேய், இது விளையாட்டு இல்லடா. நம்ம ஜெலுத்தோங்ல வேலை பஸ்ஸுக்கு நிக்கும்போதே அக்காவுக்கு நெஞ்சு வலி. மொதல்ல அத அழி.”

அழித்தேன்.

அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அக்கா என் அம்மாவைவிட மூத்தவர். ஆனாலும் மன்றத்தில் எல்லாருக்கும் அக்கா. எங்கள் தீவிலிருந்து பாலம் தாண்டினால் வரும் பிறை என்ற ஊரில், ஒரு மின்பொருள் தொழிற்சாலையில் தரப் பரிசோதனை அவர் வேலை. அங்கே பழுதான பொருளில், பழுது இருக்கும் இடத்தைக் காட்டிச் சின்னதாக ஒரு சிவப்பு அம்பு ஒட்டுவார்களாம். அந்த வழக்கத்தை அக்கா பாலம் தாண்டி எங்கள் மன்றத்துக்குக் கொண்டுவந்தார். பேசுகிறவர் தன் உரையின் பிரதியை மதிப்பீட்டாளரிடம் கொடுக்க வேண்டும். அவர் எழுந்து நன்றாக இருந்தவை இரண்டு, திருத்த வேண்டியது ஒன்று என்று சொல்ல வேண்டும். இது மன்றத்தின் விதி. அக்கா அதோடு விடமாட்டார். பிரதி திரும்பி வரும்போது அம்புகளோடு வரும். ஆனால் ஒரு சொல்லைக்கூட அடித்திருக்க மாட்டார், மாற்றி எழுதியிருக்கவும் மாட்டார்.

“எங்க பழுதுன்னு நான் காட்டுவேன். சரி பண்றது செஞ்சவங்க வேல,” என்பார்.

என் முதல் பேச்சுக்குப் பதினான்கு அம்பு. பிரதி அம்மை போட்டதுபோல் இருந்தது. இவருக்கு என்மேல் ஏதோ கோபம் என்று அன்றே முடிவு செய்தேன். அடுத்த வாரம் அவர் சுருளிலிருந்து ஒரு நீளத்துண்டைக் கிழித்து, சுப்ரா அண்ணன் முதுகில் ஓர் அம்பை ஒட்டிவிட்டேன். கூட்டம் முடிந்ததும் அக்கா என்னை ஓரமாக அழைத்தார். திட்டு விழும் என்று நின்றேன்.

“எடத்த நல்லா தேர்ந்தெடுத்த. நேரமும் சரி. ஆனா ஒட்டிட்டு அங்கயே நின்னு சிரிச்ச பாரு, அதுல மாட்டிக்கிட்ட. அடுத்த தடவ நடந்து போயிரு.”

குறும்புக்கும் இரண்டு நல்லது, ஒரு திருத்தம். இதில் ஏதோ சூழ்ச்சி இருக்கிறது என்று என் சந்தேகம் வளர்ந்தது.

பிறகு அவர் பேச்சை மதிப்பிடும் முறை எனக்கு வந்தது. “அக்கா முழுக்க மின்விசிறியைப் பார்த்தே பேசினார். மின்விசிறி கைதட்டவில்லை,” என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அக்கா அதை நோட்டில் எழுதிக்கொண்டார். அடுத்த முறை ஏழு நிமிடமும் என்னை மட்டுமே பார்த்துப் பேசினார். பழிவாங்குகிறார் என்று நினைத்து, இறங்கும்போது கேட்டேவிட்டேன்.

“நீதான மனுசன பாத்து பேசச் சொன்ன? மத்தவங்க எல்லாம் ஃபோன பாத்துக்கிட்டு இருந்தாங்க லா தம்பி.”

என் ஐந்தாவது பேச்சு வந்தது. தலைப்பு விடாமுயற்சி, மூன்று பக்கம். அக்கா எழுந்து, “குரல் கடைசி வரிசை வரைக்கும் வந்துச்சு. கை ஆட்டம் கொறஞ்சிருக்கு,” என்றார். மூன்றாவதைச் சொல்லாமல் உட்கார்ந்துவிட்டார். பிரதியில் ஓர் அம்புகூட இல்லை. மன்ற வரலாற்றில் அது ஒருவனுக்குத்தான் நடந்தது. அவன் பெயரைச் சொல்ல அடக்கம் தடுக்கிறது. அந்த மூன்று பக்கங்களை லேமினேட் செய்து பள்ளிக்கூடம் முழுக்கக் காட்டினான். மன்றங்களுக்கிடையிலான போட்டிக்கும் அவனையே தேர்ந்தெடுத்தார்கள்.

அன்று படிக்கட்டில் அக்கா கறிபாப் தின்றுகொண்டே கேட்டார்: “தம்பி, ரெண்டாம் பக்கத்துல கடல்ல சூரியன் மறையுதே, அது எங்க பாத்தது?”

“நம்ம ஜெலுத்தோங்ல, அக்கா. கடலோரத்துல.”

“அங்க சூரியன் வர்ற பக்கம் லா. போற பக்கம் இல்ல.”

அவ்வளவுதான். கையைத் தட்டிவிட்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார். அதன்பின் அவர் யாரோடு பேசினாலும் என்னைப் பற்றித்தான் என்று தோன்றியது. தலைவரிடம் குனிந்து ஏதோ சொன்னால் என் காது நீண்டது. போட்டி நெருங்க நெருங்க, எந்தக் கூட்டத்தில் போட்டு உடைப்பாரோ என்று காத்திருந்தேன்.

வெள்ளிக்கிழமை இறுதிச்சடங்கில்கூட ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு நின்றேன். யாருக்குத் தெரியும், யாருக்குத் தெரியாது? அவரோடு வேலை செய்த ரோகிணி அக்கா வந்திருந்தார். அம்பு ஒட்டாத பொருள் என்றால் பழுதில்லாததுதானே என்று மெல்லக் கேட்டேன்.

“பழுது இல்லன்னா ஒட்டமாட்டாங்க. வேற எடத்து சாமான் நம்ம லைன்ல கலந்துட்டாலும் ஒட்டமாட்டாங்க. தனியா எடுத்து வெச்சிருவாங்க. யாரு செஞ்சதுன்னே தெரியாததுக்கு யார சரி பண்ணச் சொல்றது?”

சுப்ரா அண்ணனிடமும் கேட்டேன். “அக்கா என்னப் பத்தி ஏதாச்சும் சொன்னாங்களா அண்ணே?”

“சொன்னாங்க. ‘அவன் நல்லா எழுதுவான், எழுதினா’ன்னு. எனக்குப் புரியல. சரி, அம்பு வாங்காத ஒரே ஆளு நீதான்; சனிக்கிழமை அஞ்சலிய நீயே வாசி.”

வாசிக்கிறேன். அந்த விடாமுயற்சியை நான் எழுதவில்லை. ஃபோனில் ஏஐயிடம் ஒரு வரி தட்டினேன். அது மூன்று பக்கம் கொடுத்தது, சூரியனைத் தப்பான கடலில் இறக்கியும் கொடுத்தது. அக்கா கண்டுபிடித்தார், ஒருவரிடமும் சொல்லவில்லை, நானே வந்து சொல்வதற்கு இடம் விட்டு வைத்தார். நான் லேமினேட் செய்தேன். போட்டிக்கு வேறு ஆளை அனுப்புங்கள், அண்ணே.

இதை என் கையால் எழுதினேன். போய் வாருங்கள், அக்கா.

இன்னொன்று. முதலில் நான் அறிவித்ததும் முழு உண்மையில்லை. அண்ணன் முதுகுக்காகக் கிழித்த துண்டில் பதினொரு அம்பு என் பென்சில் பெட்டியிலேயே இருந்தது. இப்போது டின்னில் போட்டுவிட்டேன். இந்த அஞ்சலியின் பிரதி மேசைமேல் இருக்கிறது, ஒட்டுகிறவர்கள் ஒட்டலாம். பதினொன்று போதாது என்றுதான் நினைக்கிறேன்.