கேரவனின் வாலில் ஒரு குசினி

மூன்று வருடங்களுக்கு முன், டிசம்பர் பள்ளி விடுமுறை தொடங்கிய கிழமை. சிட்னியில் குவேக்கர்ஸ் ஹில்லில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து, மெல்பேணில் கிளேட்டனில் இருக்கும் என் தங்கை வீட்டுக்கு, ஒரு பழைய கேரவனை, கட்டிலும் தட்டுமுட்டும் உள்ள சில்லு வைத்த சின்ன வீட்டை, காரின் பின்னால் இழுத்துக்கொண்டு போனோம். உறவுக்காரர் கூடும் இடங்களில் என் மகள் இந்தக் கதையை நடித்தே காட்டுவாள். அதில் நான்தான் கோமாளி. அவள் இன்னும் கைகால் வைத்துச் சொல்வதற்கு முன் நானே ஒருமுறை ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன்.

எனக்கு முதியோர் இல்லத்தில் பகல் வேலை. என் கணவருக்குப் பண்டகசாலை ஒன்றில் இரவு வேலை. நான் வாசலில் சப்பாத்தைப் போடும்போது அவர் தன்னுடையதைக் கழற்றுவார். பத்தொன்பது வருடக் குடும்ப வாழ்க்கையில் எடுத்த லீவெல்லாம் கலியாண வீடு, சாமத்திய வீடு, செத்த வீடு என்றே போய்விட்டது. ஒருநாள் பதினைந்து வயது மகள் கைப்பேசியிலிருந்து தலையைத் தூக்காமலே, "அம்மா, நாங்க மூண்டு பேரும் எப்பவாவது ஒரு ஹொலிடே போயிருக்கிறமா?" என்று கேட்டாள். யோசித்துப் பார்த்தேன், ஒன்றுகூட ஞாபகம் வரவில்லை. இன்னும் இரண்டு மூன்று வருடத்தில் யூனிவர்சிட்டி, சிநேகிதிகள் என்று போய்விடுவாள். அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஹோட்டல் விலைகளைப் பார்த்துத் தலை சுற்றியது. அதோடு ஹோட்டலில் சமைக்கவும் முடியாது. பத்து நாளும் பாணும் சிப்ஸுமா தின்பது? அப்படித்தான் கேரவன் என்ற எண்ணம் வந்தது. எங்கள் கைக்கு எட்டிய விலையில், பென்ரித் பக்கம் ஒரு வயதான வெள்ளைக்காரர் விற்பதற்கு வைத்திருந்தார். மகளைவிட வயது கூடிய கேரவன். ஆனால் மனிதர் அதைத் துடைத்து மினுக்கி, திரைச்சீலைகூடப் புதிதாகத் தைத்துப் போட்டிருந்தார். விலையைக் குறைக்கச் சொல்லி நான் முக்கால் மணித்தியாலம் மல்லுக்கட்டினேன். மனிதர் அசையவில்லை. கடைசியில் இரண்டு மடக்குக் கதிரைகளைச் சும்மா தந்தார். வெற்றியோடு திரும்பினேன்.

எடுத்து வரும் நாள் ஒரு சனிக்கிழமை. ஒன்பது மணிக்கு ராகு காலம். அதற்கு முன் வண்டி அசைந்தே ஆகவேண்டும். சில்லுகளுக்குக் கீழே வைக்கத் தேசிக்காய் கொண்டுபோயிருந்தேன். காருக்கு நாலு, கேரவனுக்கு இரண்டு. முன்னுக்குத் தாங்கி நிற்கும் சின்னச் சில்லும் கணக்கில் வருமா என்று எனக்கொரு சந்தேகம். எதற்கும் இருக்கட்டும் என்று அதற்கும் ஒன்று வைத்தேன். அந்தக் கிழவர் குனிந்து நின்று ஒவ்வொரு தேசிக்காயாகப் பார்த்தார். 

பிறகு கையில் ஒரு கொப்பியோடு வந்து எங்களுக்குப் பாடம் நடத்தத் தொடங்கினார். இது இந்தக் குழாய், இது அந்த வயர் என்று ஒவ்வொன்றாக. மணி எட்டே முக்கால். நான் "ஓகே, ஓகே, தாங்க் யூ" என்று சொல்லிவிட்டுக் காருக்குள் ஏறி இருந்துகொண்டேன். என் கணவர் மட்டும் கைகட்டி நின்று கேட்டுக்கொண்டே இருந்தார். அவர் அப்படித்தான். தொலைபேசியில் தவறான இலக்கத்துக்கு எடுத்தவனிடமும் சுகம் விசாரிப்பார். நான் ஹோர்னை அடித்தேன். அவர் அசையவில்லை. கண்ணாடியை இறக்கி, "இஞ்சாருங்கோ, உந்த மனுசன் உங்களுக்கு வித்ததோ, தத்துக் குடுத்ததோ? வாங்கோ கெதியா!" என்று கத்தினேன். எட்டு ஐம்பத்தெட்டுக்கு வந்து ஏறினார். தேசிக்காய்கள் நசுங்கின. எனக்கு நிம்மதி.

அடுத்த இரண்டு கிழமையும் சாமான் ஏற்றினேன். கேரவனின் முன்பக்கத்தில் கட்டில். அதற்கு மேல் ஒரு சின்னத் தட்டு இருந்தது, சாமிப் படத்துக்கென்றே செய்தமாதிரி. படத்தை வைத்துப் பொட்டும் வைத்தாயிற்று. இனிப் பக்கத்தில் கருவாட்டை வைக்க முடியுமா? ஆகவே சாப்பாட்டுச் சாமான் எல்லாம் சாமிக்கு எட்டாத தூரத்தில், பின்பக்க மூலையில் என்று முடிவெடுத்தேன். இருபது கிலோ அரிசி மூட்டை, கல் கிரைண்டர், இரண்டு பெட்டி தேங்காய்ப்பால் டின், ஒரு பெட்டி மாம்பழம், குடிதண்ணீர்க் கலன்கள், தேங்காய், பெரிய சட்டி, கருவாட்டுப் பெட்டி. தங்கை தொலைபேசியில், "அக்கா, மெல்பேணில கடையே இல்லை எண்டு நினைச்சியளோ?" என்று சிரித்தாள். நடுப்பக்கத்தைக் காலியாக விட்டேன். உள்ளே எவ்வளவு இடமிருக்கிறது என்று அவளுக்குக் காட்ட வேண்டாமா?

என் கணவர் கதவடியில் நின்று தலையைச் சொறிந்தார். "இஞ்சேரும், பாரத்தை நடுவில வைக்கச் சொல்லி அந்த மனுசன் சொன்னவர்..."

"அந்த மனுசனுக்குக் கருவாட்டைப் பற்றி என்ன தெரியும்?" என்றேன். அதோடு பேச்சு முடிந்தது. எங்கள் வீட்டில் பேச்சு அப்படித்தான் முடியும்.

புறப்பட்ட அன்று, ஹியூம் ஹைவேயில் கோல்பேண் தாண்டும்வரை சொர்க்கம். மகள் காதிலிருந்த பாட்டுக் கருவியைக் கழற்றிவிட்டு எங்களோடு கதைத்தாள். நான் பிளாஸ்கிலிருந்து தேத்தண்ணி வார்த்துக் கொடுத்தேன். அவர் அடிக்குரலில் ஒரு பழைய பாட்டை முணுமுணுத்துக்கொண்டு ஓட்டினார். இதற்குத்தானே இத்தனை வருடம் காத்திருந்தோம் என்று நினைத்துக்கொண்டேன்.

நீண்ட இறக்கம் ஒன்று வந்தது. பெரிய லொறி ஒன்று எங்களை முந்திக்கொண்டு போனது. அது போன காற்றில் பின்னால் ஏதோ மெதுவாக ஆடியது. முதலில் இந்தப் பக்கம், பிறகு அந்தப் பக்கம். ஒவ்வொரு ஆட்டமும் முந்தியதைவிடப் பெரிது. கண்ணாடியில் கேரவன் ஒருமுறை இடது பக்கம் முழுதாகத் தெரிந்தது, அடுத்த கணம் வலது பக்கம் முழுதாகத் தெரிந்தது. காரின் பின்பக்கத்தையும் அது சேர்த்து இழுத்தது. மகள் "அப்பா!" என்று அலறினாள்.

"பிரேக்! பிரேக்கைப் பிடியுங்கோ! ஐயோ, பிடியுங்கோ எண்டுறன்!" நான் கத்திய கத்தலில் எனக்கே காது அடைத்தது. அவர் பிடிக்கவில்லை. காலை எல்லாப் பெடலிலிருந்தும் எடுத்துவிட்டு, ஸ்டியரிங்கை நேரே பிடித்தபடி சும்மா இருந்தார். சும்மா! மனிதருக்கு மூளை நின்றுவிட்டது என்றே நினைத்தேன். சரி, நானே பார்க்கிறேன் என்று ஹாண்ட்பிரேக்கில் கையை வைத்தேன்.

அவர் என் கையை ஓங்கித் தட்டிவிட்டார். "கையை எடும்!"

பத்தொன்பது வருடத்தில் அந்தக் குரலை நான் கேட்டதில்லை. கையை எடுத்துவிட்டேன். அவர் ஸ்டியரிங்குக்குக் கீழே, கேரவனுக்கென்று பூட்டியிருந்த ஒரு சின்ன சுவிட்ச் ஆளியைப் பெருவிரலால் அழுத்தினார். அது கேரவனின் சில்லுகளுக்கு மட்டும் பிரேக் போடுமாம். ஆட்டம் குறைந்தது. இன்னும் குறைந்தது. பிறகு அந்தச் சனியன் பெட்டி ஒன்றுமே நடக்காததுபோலப் பின்னால் நேரே வந்தது. கொஞ்சத் தூரத்தில் வண்டிகள் ஓய்வெடுக்கும் இடம் ஒன்று இருந்தது. அதில் கொண்டுபோய் நிறுத்தினார். 

எங்கள் பின்னால் வந்த ஒரு லொறியும் வந்து நின்றது. அதை ஓட்டி வந்தது ஒரு பெண், ஐம்பது வயது இருக்கும். எல்லாவற்றையும் பின்னாலிருந்து பார்த்துவிட்டாள். கேரவனின் பின்பக்கம் தாழ்ந்து முன்பக்கம் மேலே கிளம்பி நிற்பதைக் காட்டி, வால் பாரமானால் இப்படித்தான் ஆடும் என்றாள். கதவைத் திறந்து பார்த்துவிட்டு, "இதை அடுக்கியது யார்?" என்று இங்கிலீசில் கேட்டாள்.

மகள் வாயைத் திறந்தாள். என் கணவர் அவளை ஒரு பார்வை பார்த்தார். பிறகு, "நாங்கள் எல்லாரும்தான்" என்றார். எனக்கு நிலம் பிளந்து உள்ளே போகலாம்போல இருந்தது.

அந்தப் பெண் சட்டைக் கையை மடித்துவிட்டு, எல்லாவற்றையும் வெளியே இறக்கச் சொன்னாள். புல்லில் பாயை விரித்து என் சமையல் குசினி முழுவதையும் பரப்பினோம். அரிசி, மாம்பழம், டின், சட்டி. இரண்டு நிமிடத்தில் ஒரு கார் வந்து நின்றது. ஒரு தம்பதி இறங்கி வந்து மாம்பழம் என்ன விலை என்று கேட்டார்கள். பின்னால் இன்னொரு கார். அதிலிருந்து இறங்கியவர் என் கிரைண்டரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, இது என்ன, எவ்வளவு என்றார். மகள் தலையில் கை வைத்துக்கொண்டு, "ஓ மை கோட், அம்மா, தே திங்க் வீ ஆர் அ ஷொப்!" என்றாள். இத்தனை நடுக்கத்திலும் எனக்கு மானம் போகிறதே என்ற கவலைதான். ஆளுக்கு இரண்டு மாம்பழம் சும்மா கொடுத்து அனுப்பினேன். கிரைண்டர்காரர் மட்டும் கனநேரம் போகவில்லை.

லொறிக்காரப் பெண் கருவாட்டுப் பெட்டியைத் தூக்கியதும் மூக்கைப் பொத்தினாள். உள்ளே ஏதாவது செத்துவிட்டதா என்று கவலையாகக் கேட்டாள். உண்மையைச் சொல்வதென்றால் ஓம் என்றுதான் சொல்லவேண்டும். பாரமானதை எல்லாம் சில்லுக்கு நேர் மேலே, கீழ்த்தரையில் வைத்துக் கட்டினாள். கிரைண்டரைக் காருக்குள் ஏற்றினாள். மிஞ்சிய கருவாட்டுப் பெட்டி எடை குறைந்ததுதானே என்று கட்டில் தலைமாட்டில், சாமிப் படத்துக்கு நேர் கீழே செருகிவிட்டாள். நான் "அங்கே வேண்டாம்" என்று சொல்ல வாயெடுத்தேன். பிறகு வாயை மூடிக்கொண்டேன். அவளுக்கு ஒரு பை நிறையப் பருத்தித்துறை வடை கொடுத்தேன். ஒன்றைக் கடித்துவிட்டு மீதியைத் தன் ஆசனத்துக்குப் பக்கத்தில் பத்திரமாக வைத்துக்கொண்டு போனாள்.

அவள் போனபிறகு மடக்குக் கதிரைகளை ஒரு மரத்தடியில் விரித்தேன். ஒன்றில் இருந்து அழுதேன். மகளை முதல் ஹொலிடேக்குக் கூட்டிப் போகிறேன் என்று புறப்பட்டு, அவளை எங்கே கொண்டுபோகப் பார்த்தேன்! அவர் பக்கத்துக் கதிரையில் வந்து இருந்தார். திட்டுவார் என்று பார்த்தேன். திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"அண்டைக்கு அந்த மனுசன் அவ்வளவு நேரம் என்னதான் சொன்னவர்?" என்று கேட்டேன்.

அவர் ஒன்று விடாமல் சொன்னார். பாரத்தை எங்கே வைப்பது, ஆடத் தொடங்கினால் என்ன செய்வது, எந்த ஆளியை அழுத்துவது. கால் மணித்தியாலம். அவர் இடைவிடாமல் அவ்வளவு நேரம் பேசி நான் கேட்டது அதுதான் முதல்தடவை. கடைசியில் கொஞ்சம் தயங்கினார்.

"இன்னொண்டும் சொன்னவர். ஆடேக்க பக்கத்தில இருக்கிற ஆள் பிரேக்கைப் பிடி எண்டு கத்தும், கேட்டிடாதையுங்கோ, பிடிச்சால் வண்டி பிரண்டிடும் எண்டு. தன்ர மனுசியும் கத்தினவவாம்."

"அதுக்கு நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"பத்தொன்பது வருசப் பழக்கம், கஷ்டம்தான், எண்டாலும் முயற்சி செய்து பாக்கிறன் எண்டு சொன்னனான்."

அழுதுகொண்டிருந்த நான் சிரித்துவிட்டேன். மகள் அதற்கு முன்பே சிரிக்கத் தொடங்கிவிட்டாள். மூன்று பேரும் அந்த மரத்தடியில் வயிறு நோகச் சிரித்தோம். அந்தப் பயணத்தில் கடலும் பார்த்தோம், மலையும் பார்த்தோம். ஆனால் ஹொலிடே என்று யாராவது சொன்னால் எங்கள் மூவருக்கும் அந்த இடம்தான் ஞாபகம் வரும்.

இப்போது அவர் ஏதாவது சொல்ல ஆரம்பித்தால் கைவேலையை நிறுத்திவிட்டு முழுதாகக் கேட்கிறேன். திட்டுவதென்றாலும் கேட்டு முடித்த பிறகுதான். என் சொல்லைத் தட்டாத மனிதர் என்று ஊரெல்லாம் பெருமை பேசித் திரிந்த எனக்கு, அவர் தட்டிய அந்த ஒரே ஒரு சொல்லால்தான் இன்று என் பிள்ளை உயிரோடு இருக்கிறாள்.