மகள் தேடிக்கொண்ட கல்லூரி

இரண்டாவது தடவையும் நீட் மார்க் அரசுக் கல்லூரிக்குப் போதவில்லை என்று தெரிந்த அன்று, என் மகள் அழவில்லை. சாப்பிட்டுவிட்டு, தட்டைக் கழுவி வைத்துவிட்டு, "ம்மா, வெளிநாட்டுல படிக்கலாம். ஆனா எந்த காலேஜுன்னு நான்தான் பாப்பேன்" என்றாள். இங்கே தனியார் கல்லூரி எங்கள் கைக்கு எட்டாது. பாகூர் ஏரிப் பாசனத்தில் கொஞ்சம் நெல்லும் மேட்டில் கரும்பும் போடுகிற குடும்பம் எங்களுடையது. எங்கள் வம்சத்தில் அதுவரை கடல் தாண்டிப் படிக்கப் போனவர் யாரும் இல்லை.

என் கணவரின் அண்ணன் வில்லியனூரில் உரக்கடை வைத்திருக்கிறார். பெரியவர் என்றுதான் அவரைச் சொல்வோம்; குடும்பத்தில் எது நடந்தாலும் அவர் வார்த்தை முன்னால் வரும். அவர்தான் ஒரு ஏஜென்டைப் பிடித்து, புதுச்சேரியில் ஒரு ஓட்டலில் நடந்த கூட்டத்துக்கு எங்களைக் கூட்டிப்போனார். பிலிப்பைன்ஸில் இருக்கும் ஒரு பெரிய நகரத்துக் கல்லூரியைத் திரையில் போட்டுக் காட்டினார்கள். நீச்சல் குளம் இருந்தது, ஏசி வகுப்பறை இருந்தது, தமிழ்ச் சாப்பாட்டு மெஸ் இருந்தது. இட்லியைக் காட்டியபோது பின்னால் இருந்த அம்மாக்கள் எல்லாம் நிம்மதியாகச் சிரித்தோம்.

என் மகள் எழுந்து நின்றாள்.

"சார், அங்க படிச்சுட்டு வந்தவங்கள்ல இங்க ஸ்கிரீனிங் எக்ஸாம் பாஸ் பண்ணி வேலை பாக்கறவங்க ரெண்டு பேர் நம்பர் குடுங்க. நான் பேசிப் பாக்கறேன்."

வெளிநாட்டில் படித்துவிட்டு வருகிறவர்கள் அந்தப் பரீட்சையில் தேறினால்தான் இங்கே ஊசி போட முடியும். ஏஜென்ட் சிரித்துக்கொண்டே, "அதெல்லாம் ஆபீஸ்ல வந்து பேசலாம்மா" என்றார். பெரியவருக்குச் சங்கடமாகிவிட்டது. எனக்கு அப்படி இல்லை. அத்தனை பேர் இருந்த கூட்டத்தில் அந்தக் கேள்வி என் வயிற்றில் பிறந்தவளுக்குத் தோன்றியதே என்று இருந்தது.

ஏஜென்ட் நம்பர் தரவில்லை. அவளே தேடினாள். முதல் வருஷம் படிக்கிறவர்களிடம் பேசவே மாட்டாள். "அவங்களுக்கு ஹாஸ்டலும் சாப்பாடும்தான் தெரியும்" என்பாள். படிப்பு முடிந்து திரும்பி வந்தவர்களாகப் பிடித்தாள். கடலூரில் ஒரு பெண் டாக்டர் கிடைத்தார். மகள் போனில் அவரிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "அக்கா, அங்க பேஷன்ட்ட தொட விட்டாங்களா?" அவர் நெடுநேரம் பேசினார். கடைசியில் அதே நாட்டில் இரண்டு கல்லூரிகள் மிஞ்சின. ஒன்று ஏஜென்ட் காட்டிய பெரிய நகரத்துக் கல்லூரி. இன்னொன்று வேறொரு தீவில், ஒரு சின்ன ஊரில் இருந்தது.

"ரெண்டையும் நேர்ல போயி பாத்துட்டுதான் சேரணும்" என்றாள்.

பெரியவர் சிரித்தார். "இன்னாடி இது, பொண்ணு பாக்கப் போற மாதிரி."

"ஆமா பெரியப்பா. பாக்காம கட்டிக்கினு அப்புறம் யாரு அழுவறது?"

என் கணவரும் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். கரும்பு வெட்டு நடந்துகொண்டிருந்த சமயம் அது. "நான் இத வுட்டுட்டு வர முடியாது. நீ போயிட்டு வா" என்று என்னிடம் சொல்லிவிட்டு வயலுக்குப் போய்விட்டார். நான் விமானத்தைக் கிட்டத்தில் பார்த்தது அப்போதுதான்.

பெரிய நகரத்துக் கல்லூரி, திரையில் காட்டியபடியே இருந்தது. வாசலிலேயே தமிழ்ப் பிள்ளைகள் "வாங்க ஆன்ட்டி" என்றார்கள். மெஸ்ஸில் சாம்பார் வாசனை வந்ததும் இவளை இங்கேயே விட்டுவிடலாம் என்று நான் முடிவுசெய்துவிட்டேன். மகள் ஆஸ்பத்திரியைக் காட்டச் சொன்னாள். தரை பளபளவென்று இருந்தது. பெஞ்சுகள் காலியாக இருந்தன. அவள் ஒவ்வொரு வார்டையும் எட்டிப் பார்த்துக்கொண்டே நடந்தாள்.

மறுநாள் தீவுக்குப் போனோம். விமான நிலையத்திலிருந்து போகிற வழியெல்லாம் நெல் வயல். கல்லூரிச் சுவரில் பெயின்ட் உரிந்திருந்தது. அதை ஒட்டி இருந்த ஆஸ்பத்திரியிலோ கால் வைக்க இடமில்லை. நம் ஊர் ஓபி மாதிரி கூடை, பை, கைக்குழந்தை என்று ஜனம். எனக்குப் பக்கத்தில் ஒரு பெண் தன் வீட்டுக்காரரோடு உட்கார்ந்திருந்தாள். அவர் கால் வீங்கிக் கட்டுப் போட்டிருந்தது. அவள் என்னிடம் என்னவோ கேட்டாள். எனக்குப் புரியவில்லை. நான் கையால் நாற்று நடுகிற மாதிரி காட்டினேன். அவள் தன்னையும் தொட்டுக் காட்டி, அதே மாதிரி நட்டுக் காட்டினாள். இரண்டு பேரும் சிரித்தோம்.

அப்போது வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒரு மாணவன் வந்து, அந்த மனிதரின் காலுக்கு நேராகத் தரையில் குந்தி உட்கார்ந்தான். முகத்தைப் பார்த்தாலே வடநாட்டுப் பையன் என்று தெரிந்தது. ஆனால் அந்த ஊர் பாஷையில் மெதுவாகப் பேசினான். அவர் நீளமாக ஏதோ சொல்ல, தலையாட்டிக்கொண்டே கட்டைப் பிரித்தான். என் மகள் கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் எழுந்ததும் பின்னாலேயே போய் இங்கிலீஷில் விசாரித்தாள். பாஷை தெரியாமல் நோயாளிகளிடம் விடமாட்டார்கள் என்றும், முதல் வருஷம் முழுக்கக் கடைக்காரர்கள்கூடத் தன் பேச்சைக் கேட்டுச் சிரித்தார்கள் என்றும் அவன் சொன்னானாம்.

சாயங்காலம் தங்கின இடத்தில் எங்களுக்குள் வாக்குவாதம் வந்தது.

"இங்க தமிழ்ப் புள்ளைங்களே இல்ல. உடம்புக்கு ஒண்ணுன்னா யாருகிட்ட சொல்லுவ? அங்கேயே சேர்ந்துடு" என்றேன்.

"ம்மா, அங்க சாப்பாடு நல்லா இருக்கு. இங்க பேஷன்ட் இருக்காங்க. நான் எதுக்குப் போறேன்?"

"பாஷை?" என்றேன்.

"கத்துப்பேன். சகிட்னா வலி. இன்னிக்கு அது ஒண்ணு கத்துக்கினேன்."

மறுநாள் ஏஜென்ட் போன் செய்து, நகரத்துக் கல்லூரியில் இடம் தீர்ந்துகொண்டிருக்கிறது என்று அவசரப்படுத்தினார். மகளே பேசினாள். "ரொம்ப நன்றி சார். எங்களுக்கு அது வேணாம்." குரலில் கோபமும் இல்லை, தயக்கமும் இல்லை. பள்ளிக்கூடம் முடித்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்த பெண், தன் ஆயுசுக்கும் ஆகிற ஒரு முடிவை அவ்வளவு நிதானமாகச் சொன்னாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். கண் கலங்கியதை அவள் பார்க்க வேண்டாம் என்று நினைத்தேன்.

முதல் வருஷம் கஷ்டப்பட்டாள். இளைத்துப்போனாள். சோறும் கருவாடும் கிடைப்பதால் பிழைத்தேன் என்பாள். இடையில் கொரோனா வந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அப்போதும் அந்த ஊர்த் தோழியோடு தினமும் போனில் அவர்கள் பாஷையிலேயே பேசிக்கொண்டிருந்தாள். ஒருநாள் பெரியவர் வந்தபோது அதைக் கேட்டுவிட்டு, பேச்சு முடிகிறவரை நின்றுகொண்டே இருந்தார். "ஏம்மா, அந்த ஊர்க்காரியாவே ஆயிட்டாளா?" என்று என்னிடம் ரகசியமாகக் கேட்டார்.

கல்லூரி திறந்ததும் திரும்பிப் போனாள். முடித்து வந்தாள். ஸ்கிரீனிங் பரீட்சையில் முதல் தடவையிலேயே தேறினாள். முடிவு வந்த அன்று என் கணவர் வயலிலிருந்து சேறு கழுவாத காலோடு வந்து, செல்போனை வாங்கிப் பார்த்து, அவள் பேரை விரலால் தொட்டார். பிறகு, "இன்னா சமையல்?" என்று கேட்டார். அவருக்கு அவ்வளவுதான் பேச வந்தது.

இப்போது அரசு ஆஸ்பத்திரியில் பயிற்சி டாக்டராக இருக்கிறாள். பிரசவ வார்டில் முதல் குழந்தையைக் கையில் வாங்கிய அன்று, வீட்டுக்கு வந்து கையை விரித்து விரித்துக் காட்டினாள். தீவு ஆஸ்பத்திரியில் எத்தனையோ பிரசவம் பார்த்தவள்தான். ஆனாலும், "நம்ம ஊர்க் கொழந்தைம்மா" என்றாள்.

போன மாதம் வில்லியனூரில் ஒரு கல்யாணத்தில், பெரியவர் பத்துப் பேர் நடுவில் உட்கார்ந்து, கல்லூரியை எப்படித் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று விளக்கிக்கொண்டிருந்தார். "மெஸ்ஸ பாக்காதீங்க, ஆஸ்பத்திரிய பாருங்க. நாங்க அப்படித்தான் பாத்தோம்" என்றார். என் கணவர் என்னைப் பார்த்தார். மகள் தன் இலையில் இன்னொரு ஜாங்கிரி வைக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். நாங்கள் யாரும் அவரைத் திருத்தவில்லை.