என் குதிரைக் கொட்டிலுக்குக் கூரை போட்டவர்கள்

போதகரே, நீங்கள் பொய் சொன்னீர்கள். சபையின் ஜெபத்தாலும் உழைப்பாலும் என் குதிரைக் கொட்டிலுக்குக் கூரை வந்தது என்று மைக்கில் சொன்னீர்கள். சபையிலிருந்து ஒருவரும் வரவில்லை. ஒரு ஆணிகூட வரவில்லை. நான் சாட்சி சொல்ல எழுந்தபோது தடுத்துவிட்டீர்கள். ஆகவே எழுதுகிறேன். விசுவாசிகள் வாசிக்கட்டும்.

இங்கே ஜேர்மனியில், ஹம் நகருக்கு வெளியே ஒரு சின்னப் புல்வெளியைக் குத்தகைக்கு எடுத்து இரண்டு குதிரைகள் வளர்க்கிறேன். மூத்தது லோட்டே, கிழட்டுப் பெட்டைக் குதிரை. அதற்கு நெஞ்சில் வருத்தம். நனைந்தாலும் பூஞ்சணம் பிடித்த புல்லைத் தின்றாலும் இருமத் தொடங்கிவிடும். குளிர்காலத்துக்கு முன் கொட்டிலைத் திருத்துவதை வழமையாக நானே செய்வேன். போன ஒக்டோபரில் புயல் கூரையைப் பிய்த்தெறிந்தது. அதைப் பிடிக்கப் போய் விழுந்து தோளை முறித்துக்கொண்டேன். மிருக வைத்தியர் வந்து பார்த்தார். உறைபனிக்கு முன் கூரை போட ஏலாவிட்டால், லோட்டேயை ஊசி போட்டு அனுப்பிவிடுவதுதான் அதற்கு நல்லது என்றார். அவர் போன பிறகு ஈர வைக்கோல்மேல் உட்கார்ந்து அழுதேன்.

சபையின் வட்ஸ்அப் குழுவில் தெளிவாக எழுதினேன். சனிக்கிழமை கூரை போட ஆட்கள் வேண்டும், ஏணி இருப்பவர்கள் கொண்டு வாருங்கள் என்று. வந்தது என்ன? கும்பிடும் கைப் படங்கள். ஆமென், ஆமென். ஏணியைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஒருவர் ரோசாப்பூப் படத்தில் வசனம் போட்டார். இன்னொருவர், குதிரை எல்லாம் வெள்ளைக்காரரின் பொழுதுபோக்கு என்று எனக்குத் தனியாக எழுதினார். சனிக்கிழமை முழுவதும் மழைக்குள் நின்று ரோட்டைப் பார்த்தேன். ஒரு கார் திரும்பவில்லை.

அப்போது ஜெபித்தேன். அழகாக ஜெபிக்கவில்லை. "ஆண்டவரே, உம்முடைய ஆட்களால் பிரயோசனமில்லை. வேறு யாரையாவது அனுப்பும்" என்றேன்.

திங்கட்கிழமை, நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்துக்கு தோள் ஆறும்வரை லீவு என்பதால் அங்கே வைத்திருந்த என் உடுப்புகளை எடுக்கப் போனேன். அங்கே சமையலறையில் யோகன் அண்ணை வேலை செய்கிறார். சைவக்காரர். வருடா வருடம் ஊன்ட்றொப் அம்மன் கோவில் திருவிழாவுக்குக் கூடாரம் போடுகிறவர். கட்டுப் போட்ட என் கையைப் பார்த்தார்.

"என்ன பிள்ளை, குதிரை உதைச்சுப்போட்டுதோ?"

"இல்லை அண்ணை. கூரை."

முழுவதையும் சொன்னேன். அவர் கரண்டியைக்கூடக் கீழே வைக்கவில்லை. "அப்ப வாற சனி வாறம். சாப்பாடும் கொண்டு வாறம். உன்ர சமையல் எங்களுக்கு வேண்டாம்."

இதைச் சந்தோஷத்தோடு உங்களிடம் சொன்னேன், போதகரே. நீங்கள் சொன்னது ஞாபகம் இருக்கிறதா? "சிஸ்டர், விபூதி பூசினவையின்ர கையால ஒண்டும் வேண்டாம். பொறுத்திருங்கோ. கர்த்தர் தன்ர பிள்ளையளை அனுப்புவார்." குதிரை மழைக்குள் நிற்கிறது என்றேன். "விசுவாசம் வேணும்" என்றீர்கள். சூடான வீட்டிலிருந்து சொன்னீர்கள்.

யோகன் அண்ணை வந்தார். மனைவி வசந்தி அக்காவும் கூடாரம் போடும் இரண்டு கூட்டாளிகளும் வந்தார்கள். மதியத்துக்குள் தூண்கள் எழும்பிவிட்டன. நிமிர்ந்து பார்த்தேன். கோவில் வீதியில் போடும் கூடாரத்தின் உயரம்.

"அண்ணை, இதுக்குள்ள தேரே போகும். காத்தும் மழையும் உள்ள அடிக்குமெல்லோ?"

"அட, கைப்பழக்கத்தில நட்டுப்போட்டம்."

"அம்மாளாச்சிக்குக் கட்ட வந்தனீங்களோ, குதிரைக்கோ?" என்று வசந்தி அக்கா கேட்க, எல்லாரும் சிரித்தார்கள். ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. எல்லாவற்றையும் கழற்றி, தூண்களை வெட்டி, மறுபடியும் முதலிலிருந்து கட்டிக் கூரையைப் போட்டார்கள்.

சிரித்த அக்காவும் சும்மா இருக்கவில்லை. பலகை இடைவெளிகளை எல்லாம் சாக்கால் அடைத்துக்கொண்டிருந்தார். "பாவம், குளிரும்."

"அக்கா, அதுக்குக் குளிராது. காத்தோட்டம் இல்லாட்டித்தான் இருமும்."

"நான் ரெண்டு ஜக்கெற் போட்டும் நடுங்கிறன். இவ பெரிய ஆள்தான்" என்று சொல்லிச் சாக்குகளை உருவினார்.

காய்ந்த புல்லை ஈரம் ஏறாதபடி பலகைத் தட்டுகளின்மேல் அடுக்கினார்கள். சேற்று வாசலில் சரளைக்கல் கொட்டினார்கள். அவர்கள் கார் ஏறும்போது மழை பிடித்தது. லோட்டே உள்ளே காய்ந்த தரையில் நின்று தின்றது. குளிர்காலம் போய்விட்டது. லோட்டே உயிரோடு இருக்கிறது. ஆண்டவருக்கு நன்றி. அவர் என் முரட்டு ஜெபத்தைக் கேட்டார்.

இப்போது குழுவில் யாராவது உதவி கேட்டால் நான் படம் அனுப்புவதில்லை. கார்த் திறப்பை எடுத்துக்கொண்டு புறப்படுகிறேன். கஷ்டத்தில் இருக்கும் சகோதரருக்கும் சகோதரிக்கும் சொல்கிறேன்: கேளுங்கள், நம்புங்கள். யார் மூலம் பதில் வர வேண்டும் என்று மட்டும் அவருக்குக் கட்டளை போடாதீர்கள்.

போதகரே, சாட்சி சொல்ல எழுந்த என்னிடம், "ரெண்டு மூண்டு நண்பர்கள் எண்டு மட்டும் சொல்லுங்கோ, பேர் வேண்டாம்" என்றீர்கள். நான் மறுத்தேன். மைக்கை வாங்கிக்கொண்டீர்கள். சரி. வாற ஞாயிறு சபை முழுவதும் கேட்க ஒரு பதில் சொல்லுங்கள். யோகன் அண்ணையை அனுப்பியது கர்த்தரா, இல்லையா? கர்த்தர் என்றால், அவர் அனுப்பியவரின் பெயரை ஏன் மறைத்தீர்கள்? இல்லை என்றால், உங்கள் ஜெபத்துக்கு விடையாக வந்தது யார்? முன்வரிசையில் உட்கார்ந்திருப்பேன். சொல்லுங்கள்.