மாவுப் பீப்பாயில் பாதிரியார்

1740களில், லண்டன் அச்சுக்கூடம் ஒன்றில், தெருவில் விற்கும் மலிவுக் கதைகளுக்கே முப்பது வருடமாக அச்சுக் கோர்த்தவன் ஒபதியா. வின்ச்கோம் துரையின் நாவல் அவனிடம் வந்தது. கணவன் கதவைத் தட்ட, கள்ளக்காதலன் ஒளியும் இடத்தில் ஒபதியாவின் கை பிரதியைப் பார்க்காமலே ஓடியது. துரை எழுதியிருந்தது துணிப்பெட்டிக்குள் ஒளியும் பிரபு. கை கோர்த்தது மாவுப் பீப்பாய்க்குள் ஒளியும் பாதிரியார்.

"என் கதையைக் கெடுக்கிறியாடா, குடிகாரப் பயலே?" பிழை பார்க்க வந்த புரூஃப் தாளைத் துரை அவன் முகத்தில் விட்டெறிந்தார்.

"உங்க கதையா? எங்க பாட்டனுக்குப் பாட்டன் சாராயக்கடையில சொல்லிச் சிரிச்சது, துரை."

"இதுவரை யாருமே சொல்லாத கதைன்னு முதல் பக்கத்துல போட்டிருக்கேன். அதையாவது ஒழுங்கா கோர்த்துத் தொலை."

ஒபதியா அதை எழுத்துப் பிசகாமல் கோர்த்தான். அதற்கு மேலே, மாவுப் பீப்பாய்க்குள்ளிருந்து பாதிரியார் எட்டிப் பார்க்கும் படம் செதுக்கிய மரக்கட்டையை வைத்து அச்சுச் சட்டத்தில் இறுக்கினான். இருநூறு வருடமாக மலிவுக் கதைகளில் அச்சாகி வந்த, புழு அரித்த கட்டை அது.