ஆரஞ்சு கலர் தேதி

எங்க மாமா கோவிந்தப்பாவைக் கெட்டவருன்னு யாராவது சொன்னா வாயைக் கிழிச்சுருவேன். நல்லவருன்னு சொன்னாலும் எனக்குப் பத்திக்கிட்டு வரும். ரெண்டுக்கும் காரணம் இருக்கு, சொல்றேன்.

மாமான்னா எங்கக்கா பாஞ்சாலியோட வீட்டுக்காரரு. கிருஷ்ணகிரிப் பக்கத்துலேர்ந்து பத்தொம்பது வயசுல பெங்களூர் வந்து, பீன்யாவுல கியர் பண்ற கம்பெனி ஒண்ணுல சேந்து, முப்பத்தியோரு வருசம் ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷன்ல இருந்தாரு. அதாவது, மத்தவங்க கடைஞ்சு அனுப்பின சாமானை அளந்து பாத்து, சரியா இருந்தா பச்சைச் சீட்டு, இல்லைன்னா சிவப்புச் சீட்டு கட்டற வேலை. சீட்டுல தேதி, நம்பர், இவரு கையெழுத்து. சீட்டு இல்லாத சாமானைக் கையால தொடமாட்டாராம்.

அந்தப் புத்தி வீட்டுக்கும் வந்துச்சு. ஸ்ரீராம்புரத்துல ரெண்டு ரூம் வீடு அவங்களுது. சமையக்கட்டுல ஒவ்வொரு டப்பா மேலயும் தேதி எழுதி ஒட்டியிருப்பாரு. புளி டப்பா மேலகூட. புளிக்கு எதுக்கு மாமா தேதி, அது என்ன பால் பாக்கெட்டான்னு நான் கேப்பேன். கண்ணை நம்பக்கூடாது ருக்கு, சீட்டுல என்ன போட்டிருக்கோ அதான் கணக்குன்னு சொல்லுவாரு. எங்கக்கா பின்னாடி நின்னுக்கிட்டு வாயைப் பொத்திச் சிரிப்பா. பயந்த சுபாவம் அவளுக்கு, ஆனா சிரிக்கறதுக்கு மட்டும் பயப்படமாட்டா.

அவங்களுக்கு ஒரே பொண்ணு, லாவண்யா. கம்ப்யூட்டர் கம்பெனியில வேலை. அவதான் எஸ்.பி. ரோட்டுல பார்ட்டு பார்ட்டா வாங்கி வீட்டுக்கு ஒரு கம்ப்யூட்டர் சேத்தா. ரெண்டாயிரத்து மூணு தீபாவளிக்கு டிஜிட்டல் கேமராவும் வந்துச்சு. ஃபிலிம் செலவு கிடையாதுன்னு தெரிஞ்சதும் வீடே பைத்தியமாச்சு. தோசை சுட்டா ஃபோட்டோ, பூனை வந்தா ஃபோட்டோ. எடுத்ததையெல்லாம் கம்ப்யூட்டர்ல அப்படியே கொட்டிவெச்சாங்க.

ரெண்டாயிரத்து அஞ்சு ஆகஸ்ட்ல லாவண்யாவைப் புனேவுக்கு மாத்திட்டாங்க. கேமராவையும் கம்ப்யூட்டரையும் அப்பாவுக்கு விட்டுட்டுப் போனா. அதே மாசம் மாமாவோட கம்பெனியை மூடிட்டாங்க. அம்பது வயசுல மனுசன் வீட்டுல உக்காந்தாரு. காலையில ஏழு மணிக்குக் குளிச்சு, சட்டை மாட்டி, பேனா சொருகி, போறதுக்கு இடம் இல்லாம கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்தாரு. எனக்கே அன்னிக்குப் பாவமா இருந்துச்சு.

உள்ள தொறந்து பாத்தா நியூ ஃபோல்டர், நியூ ஃபோல்டர் ரெண்டு, மூணுன்னு பதினாலு வரைக்கும் இருக்கு. ஒண்ணுக்குப் பேரு 'சும்மா'. இன்னொண்ணுக்குப் பேரு 'அம்மா திட்டறா'. மாமாவுக்கு உடம்பு நடுங்கிப் போச்சாம். சீட்டே இல்லாத சாமான் ஆயிரத்து அறுநூறு.

மறுநாளே ஒரு லாங் சைஸ் நோட்டு வாங்கிட்டு வந்தாரு. வருசத்துக்கு ஒரு ஃபோல்டர், அதுக்குள்ள மாசம், அதுக்குள்ள நாள். எடுத்த வரிசைப்படி கேமரா தானா குடுக்கற நம்பரை எடுத்துட்டு ஒவ்வொரு ஃபோட்டோவுக்கும் தேதியையே பேரா வெச்சாரு. எந்தத் தேதி? ஃபோட்டோவோட மூலையில ஆரஞ்சு கலர்ல கேமராவே ஒரு தேதி அடிக்குமே, அது. நோட்டுல இடது பக்கம் பழைய நம்பர், வலது பக்கம் புதுப் பேரு. அஞ்சு வாரம் இதே வேலை. கம்பெனியை அங்க மூடினாங்க, இவரு என் வீட்டுக்குள்ள தொறந்துட்டாருன்னு எங்கக்கா சொல்லுவா.

அந்த அஞ்சாவது வாரத்துல ஒருநாள் அக்கா ஒக்கலிபுரத்துல என் வீட்டுக்கு வந்தா. வந்தவ உக்காரல. என் கையைப் பிடிச்சு அவ கழுத்துல வெச்சா. தொண்டைக்குக் கீழ, வலது பக்கமா, சின்ன எலுமிச்சங்காய் அளவுக்கு ஒரு கட்டி. வலி இல்ல. அமுக்கினா நகரல. எப்போலேர்ந்துடின்னு கேட்டேன். தெரியலடி, குளிக்கும்போது கையில தட்டுப்பட்டுச்சு, புதுசா வந்ததா, முந்தியே இருந்ததான்னு புரியலைன்னா. உடனே டாக்டரைப் பாருன்னு துரத்தி அனுப்பினேன்.

மாமா என்ன பண்ணாரு தெரியுமா? எப்போலேர்ந்துன்னு டாக்டர் முதல்ல கேப்பாங்க, வெறும் கையோட போகக்கூடாதுன்னு சொல்லி, கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்து அக்கா இருக்கற ஃபோட்டோவையெல்லாம் எடுத்துப் பாத்தாரு. விசேஷத்துல எடுத்ததுல கழுத்து நிறைய நகை, பூ, முந்தானை. ஒண்ணும் தெரியல. ஆனா மூணு ஃபோட்டோ மாட்டுச்சு. சமையக்கட்டுல, கொண்டை போட்டுக்கிட்டு, கையில கரண்டியோட அக்கா. கழுத்து பளிச்சுன்னு தெரியுது. அதே கட்டி, அதே அளவு. மூலையில ஆரஞ்சு கலர்ல தேதி: 01.01.2004.

மனுசனுக்கு உயிர் வந்துச்சு. ஒன்றரை வருசத்துக்கு மேல இருக்கற கட்டி, இத்தனை நாள்ல ஒரு இழைகூட வளரல, அப்போ பயப்பட ஒண்ணும் இல்லைன்னு கணக்குப் போட்டாரு. அந்த மூணையும் பிரிண்ட் போட்டு, ஃபைல்ல வெச்சு, கீழ தேதி எழுதி, கையெழுத்தும் போட்டாரு. நான் அன்னிக்கு அங்கதான் இருந்தேன். பாரு ருக்குன்னு ஃபைலை என் பக்கம் தள்ளினாரு. எனக்குக் கடுப்பு. பொண்டாட்டிக்கே சீட்டுக் கட்டியாச்சா மாமான்னு கிண்டல் பண்ணிட்டு, ஃபைலைத் தொறக்காம காபி போட எழுந்து போனேன். அந்தக் காபியைப் போடாம இருந்திருக்கலாம்.

டாக்டரம்மா முதல்ல ஊசி வெச்சு எடுத்துப் பாக்கலாம்னுதான் சொன்னாங்களாம். மாமா ஃபைலை நீட்டியிருக்காரு. அக்கா ஊசிப் பயத்துல அதைத் திரும்பிக்கூடப் பாக்கலயாம். அவங்க மூணு ஃபோட்டோவையும் பாத்து, தேதியையும் பாத்து, எழுத எடுத்த பேனாவை மூடிட்டாங்க. இவ்வளவு நாளா வளராம இருந்தா அவசரம் இல்ல, ரத்தம் மட்டும் பாப்போம், ஆறு மாசம் கழிச்சு வாங்கன்னாங்க. ரத்தத்துல ஒண்ணும் தப்பா வரல. ஊசிக்குப் பயந்துக்கிட்டு இருந்த எங்கக்கா, வழியில ரெண்டு முழம் மல்லிகைப்பூ வாங்கி எனக்கும் குடுத்துவிட்டா.

அதுக்கப்பறம் மாமா சும்மா இருக்கல. மாசம் ஒண்ணாந்தேதி ஆனா கம்பெனியில சாமான் அளக்கற காலிப்பரை எடுத்து அக்கா கழுத்துல வெச்சு அளப்பாரு, நோட்டுல எழுதுவாரு. ரெண்டு மில்லி கூடியிருக்கு, இது டாலரன்ஸுக்குள்ளதான்னுவாரு. அதாவது, அவ்வளவு கூடக்குறைய இருந்தா சாமானைத் தள்ளமாட்டாங்களாம். கார்த்திகையில அக்காவுக்குக் குரல் கம்மிப் போச்சு. குளிருன்னோம். பொங்கலுக்குப் பொங்கல் இறங்கல, தண்ணி விட்டுக் கரைச்சுக் குடிச்சா. அன்னிக்கு நான் மாமாகிட்ட கத்தினேன், பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயே ஆகணும்னு. அவரு நோட்டைத் தொறந்து நம்பரைக் காட்டினாரு. கட்டி வெளிய வளரல. உள்ளுக்குள்ள, மூச்சுக்குழாய்ப் பக்கமா வளந்துக்கிட்டு இருந்துச்சு. காலிப்பர் அங்க போகுமா?

பிப்ரவரியில பெரிய ஆஸ்பத்திரியில ஆப்பரேசன் பண்ற டாக்டர், எவ்வளவு நாளா இருக்குன்னு கேட்டாரு. மாமா ரெண்டு வருசம்னாரு. அவரு ஸ்கேனைப் பாத்தாரு, மாமாவைப் பாத்தாரு. இந்த மாதிரி கட்டி ரெண்டு வருசம் பொறுமையா உக்காந்திருக்காதுங்க, இதுக்கு மாசக் கணக்குதான், போன செப்டம்பர்ல வந்திருந்தா கத்தி வெச்சிருப்பேன்னாரு. மாமா திரும்பவும் ஃபைலை எடுத்தாரு. டாக்டர் அதை வாங்கல.

ஆடி மாசம் அக்கா போயிட்டா. நாப்பத்தாறு வயசு.

பதினாறாம் நாளுக்கு மாட்ட ஒரு படம் வேணும்னு நானும் லாவண்யாவும் கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்தோம். அவ ஒவ்வொண்ணா தட்டிக்கிட்டே வந்தா. திடீர்னு அந்தக் கரண்டி ஃபோட்டோ வந்துச்சு. நான் அதை அதுக்கு முன்னாடி பாத்ததே இல்ல. இல்லல்ல, பாத்திருக்கேன். கேமராவுக்குப் பின்னாடி நின்னுக்கிட்டு.

ரெண்டாயிரத்து அஞ்சு ஜூன் கடைசியில நாங்க திருப்பதி போறதுக்குக் கேமராவை இரவல் வாங்கியிருந்தேன். வந்ததும் அதுலேர்ந்து செல்லைக் கழட்டி ரேடியோவுக்குப் போட்டுட்டேன். மூணு வாரம் கேமரா செல்லே இல்லாம பீரோ மேல கிடந்துச்சு. திருப்பிக் குடுக்கற அன்னிக்குப் புது செல் வாங்கிட்டுப் போய் அக்கா வீட்டு சமையக்கட்டுல வெச்சுத்தான் போட்டேன். செல் இல்லாம கிடந்ததுல தேதி மறந்துபோன கேமரா, இன்னிக்கு என்ன தேதின்னு கேட்டுச்சு. உனக்கு வேற வேலை இல்லையான்னு ஓகேவை அமுக்கிட்டு, வேலை செய்யுதான்னு பாக்க அக்காவை மூணு படம் எடுத்தேன். கொண்டையோட எடுக்காதடின்னு கரண்டியை ஓங்கினா. மாமா அப்போ கம்பெனியில இருந்தாரு. லாவண்யா சாயங்காலமே தேதி தப்பா இருக்குன்னு பாத்துச் சரி பண்ணிட்டாளாம். ஆனா அந்த மூணு படத்துல கேமரா தன் இஷ்டத்துக்கு அடிச்ச தேதி அப்படியே நின்னுடுச்சு. அது ஜூலையில எடுத்தது. சீட்டுல இருந்தது ஒன்றரை வருசம், நிஜத்துல ரெண்டே மாசம்.

லாவண்யாகிட்ட ஒண்ணும் சொல்லல. தலை சுத்துதுன்னு எழுந்து வந்துட்டேன். ஒரு வருசம் அந்த வீட்டுப் பக்கம் போகும்போதெல்லாம் கம்ப்யூட்டர் இருக்கற ரூமுக்கு முதுகைக் காட்டி உக்காருவேன். மாமாவைத் திட்டறதை மட்டும் விடல. உங்க சீட்டுதான் எங்கக்காவைக் கொண்டுபோச்சுன்னு மூஞ்சிக்கு நேரா சொன்னேன். அவரு ஒருதடவைகூட எதிர்த்துப் பேசல. அது எனக்கு இன்னும் பயமா இருந்துச்சு.

முதல் வருசத் திதி முடிஞ்ச அன்னிக்கு எல்லாரும் போனப்பறம் என்னால அடக்க முடியல. மாமா, அந்த ஃபோட்டோவை எடுத்தது நான், தேதி கேட்டப்போ ஓகேவை அமுக்கினதும் நான்னு சொல்லிட்டேன். அடிச்சிருந்தா வாங்கிக்கிட்டிருப்பேன்.

அவரு கம்ப்யூட்டரைப் போட்டு அந்தப் படத்தைத் தொறந்தாரு. அக்கா முதுகுக்குப் பின்னாடி மேடையில எவர்சில்வர் குண்டான் இருக்கு. அதைப் பெருசு பண்ணினாரு. குண்டான்ல வளைஞ்சு நெளிஞ்சு ஒரு முகம், கையில கேமரா, திருப்பதிக்குன்னு நான் எடுத்த கிளிப்பச்சைப் புடவை. பக்கத்துல நோட்டை விரிச்சாரு. வலது பக்கம் 2004 ஜனவரி. இடது பக்கம் கேமரா நம்பர் ஆயிரத்து நானூத்தி சொச்சம். ஜனவரியில நிஜமா எடுத்த படமெல்லாம் முந்நூறைக்கூடத் தாண்டல. அந்த வரியைச் சிவப்புப் பேனாவால சுழிச்சு, கீழ தேதி போட்டிருந்தாரு. பெரிய ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்த அன்னிக்குத் தேதி.

“அப்பவே பாஞ்சாலிகிட்ட காட்டிட்டேன் ருக்கு. உன்கிட்ட சொல்லக்கூடாதுன்னா. நீ தாங்கமாட்டியாம்,” அப்படின்னாரு. அந்தச் சிவப்புச் சுழி மேல விரலை வெச்சு, “நம்பர் என் கையிலயே இருந்துச்சு. பாக்காம கையெழுத்துப் போட்டது நான்,” அப்படின்னாரு.

நான் அழுதேன். எங்கக்கா செத்தப்போகூட அப்படி அழல. அவரு என் அழுகை நிக்கறவரைக்கும் பாத்துக்கிட்டு இருந்தாரு. மூஞ்சியைப் பாக்கல, அதுக்குக் கீழ பாத்துக்கிட்டு இருந்தாரு. அப்பறம் திரும்பி இன்னொரு ஃபோல்டரைத் தொறந்தாரு. பேரு 'ருக்மிணி'.

உள்ள என் படம் பதினொண்ணு இருந்துச்சு. காரியத்துல, லாவண்யா வந்தப்போ, என் பொண்ணு பொறந்தநாள்ல. எல்லாத்துலயும் கழுத்தை மட்டும் வெட்டிப் பெருசு பண்ணி வரிசையா வெச்சிருக்காரு. ஒவ்வொண்ணுக்கும் கீழ தேதி, கேமரா நம்பர், ரெண்டும் சரிபாத்ததுக்கு டிக். முதல் நாலுல ஒண்ணும் இல்ல. அஞ்சாவதுல ஒரு நிழல். பதினோராவதைப் பாத்ததும் என் கை தானா கழுத்துக்குப் போச்சு.

“இந்தத் தடவை தேதியெல்லாம் சரியா இருக்கு,” அப்படின்னாரு மாமா. கம்ப்யூட்டரை அணைச்சு, சட்டையை மாட்டி, ஃபைலை எடுத்துக்கிட்டாரு. “எழுந்திரு ருக்கு. வாசல்ல ஆட்டோ நிக்குது.”