ஃப்யூஸ் போன ஸ்டார்

அந்தக் காலத்தில் கவிதை எழுதிய எல்லோரும் விடியலைப் பற்றித்தான் எழுதினோம். எட்டு மணிக்கு முன்னால் எழுந்தே பழக்கமில்லாத நானும் எழுதினேன். எண்பதுகளின் கடைசி. பி.ஏ. முடித்துவிட்டு ஆவடி குவார்ட்டர்ஸில், அப்பா ஃபேக்டரிக்குப் போய்ச் சம்பாதித்த சோற்றைத் தின்றுகொண்டிருந்தேன். சர்ச் வாலிபர் சங்கத்து கிறிஸ்துமஸ் மலருக்கு, 'ஒளியே நம்பிக்கை' என்ற தலைப்பில் கவிதை எழுதும் மாபெரும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

வீட்டில் உண்மையாகவே நம்பிக்கை தேவைப்பட்டது அம்மாவுக்கு. அண்ணன் வீட்டை விட்டுப் போய் மூன்றாவது வருஷம். ஃபேக்டரி அப்ரண்டிஸ் பரீட்சைக்குப் போகிறேன் என்று கிளம்பியவன் சினிமாவுக்குப் போனான். அதை அப்பாவிடம் போட்டுக்கொடுத்த புண்ணியவான் நான்தான். அப்பா கை நீட்டிவிட்டார். அன்றைக்கே அவன் போய்விட்டான். கடிதம் கிடையாது. பம்பாயில் இருக்கிறான் என்று யாரோ சொன்னார்கள். அம்மா முகத்தை நேராகப் பார்ப்பதையே தவிர்த்து வந்தேன்.

அவன் போன வருஷத்திலிருந்து, டிசம்பர் பிறந்ததும் குவார்ட்டர்ஸிலேயே முதல் கிறிஸ்துமஸ் ஸ்டார் எங்கள் வீட்டு பால்கனியில்தான் தொங்கும்.

"எல்லா பிளாக்கும் ஒண்ணுபோல இருக்கு. புள்ள வந்தான்னா வீடு தெரிய வேண்டாமால?" என்பாள் அம்மா. திருநெல்வேலியை விட்டு வந்து இருபது வருஷமாகியும் அந்த 'ல' அவளை விட்டுப் போகவில்லை.

"வளந்த வீடு அவனுக்குத் தெரியாதா?" என்று நான் கிண்டலடிப்பேன்.

அந்த வருஷம் ஸ்டாருக்குள் இருந்த பல்ப் ஃப்யூஸ் போனது. புது பல்பை அம்மா அன்றைக்கே வாங்கி வந்து என் மேஜையிலேயே வைத்தாள். ஸ்டூல் போட்டு ஏறி மாட்ட வேண்டும், அவ்வளவுதான். நானோ 'ஒளி'க்கு எதுகை தேடிக்கொண்டிருந்தேன். துளி, வளி, கிளி வரை வந்தாயிற்று.

"மாத்துல. சாவு விழுந்த வீட்லதாம்ல ஸ்டார் எரியாது. பாக்கவங்க என்ன நெனைப்பாங்க?"

"மூடு கலைஞ்சிரும்மா."

ஐந்து நாள் இப்படியே ஓடியது. ஆறாம் நாள் சாயங்காலம், இருட்டிய நேரம், படிக்கட்டில் யாரோ தடதடவென்று ஓடி வரும் சத்தம். கதவு படாரென்று திறந்தது. அண்ணன்! செருப்பு ஒரு காலில்தான் இருந்தது.

"அம்மா எங்கடா? அப்பா? யாருக்குடா இன்னா ஆச்சு?"

அப்பா பேப்பரைக் கீழே இறக்கினார். அம்மா சமையலறையிலிருந்து முறுக்கு அச்சோடு வந்து நின்றாள். இருவரையும் மாறி மாறிப் பார்த்தவன் அப்படியே தரையில் உட்கார்ந்து, சின்னப் பிள்ளை மாதிரி தேம்பினான்.

"ஸ்டார் எரியலியேடா..."

"பல்ப் ஃப்யூஸ்," என்றேன்.

"எருமை! ஒரு பல்ப் மாத்தத் துப்பில்ல உனக்கு?" என்று என் மண்டையில் ஒன்று போட்டான். வலித்தது. ஆனால் அவ்வளவு சந்தோஷமாக நான் அடி வாங்கியதே இல்லை.

பம்பாயுமில்லை, கிம்பாயுமில்லை. ரயிலில் கால் மணி நேரம், அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு லேத் பட்டறையில் இருந்திருக்கிறான்.

"இத்தினி கிட்ட இருந்துகினு ஒரு தபா வரக் கூடாதாடா?" என்றேன்.

"வந்தேன்டா. போன வருசமும் வந்தேன், அதுக்கு மின்னாடியும் வந்தேன். கீழ ரோட்ல நின்னு பாத்தேன். நம்ம ஊட்டு ஸ்டாரு ஜெகஜோதியா எரிஞ்சிகினு இருந்துச்சி. நான் இல்லாட்டியும் இவங்க நல்லாத்தான் கீறாங்கன்னு திரும்பிப் பூட்டேன்."

அது யாருக்காக எரிந்தது என்று சொல்ல வாயெடுத்தேன். அம்மா என் கையை அழுத்திப் பிடித்து அடக்கினாள். பிறகு அவன் பக்கத்தில் உட்கார்ந்து, மாவுக் கையாலேயே அவன் தலையைத் தடவினாள்.

"அப்படி திரும்பிப் போன அன்னைக்கு, ராத்திரி எங்கய்யா சாப்பிட்ட?"